மாஸ்டர் உப்பு பார்த்தார்

"சாமி, நான் பட்டினி கெடக்கேன். எடை ஏறுது."

பெருமாள் கோயில் மடப்பள்ளி வாசலில் நின்று உச்சிமாகாளி மாஸ்டர் இப்படித்தான் ஆரம்பித்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

உள்ளே வெண்கல உருளியைத் தேய்த்துக்கொண்டிருந்த ஆராவமுதன் நிமிர்ந்து பார்த்தார். பெருமாளுக்குப் படைக்கும் உணவைத் தளிகை என்பார்கள். அந்தக் கோயிலில் தளிகை செய்கிறவர் அவர். வயது முப்பத்தாறு, ஒட்டிய வயிறு. வந்தவருக்கு வயது ஐம்பத்து மூன்று, எடை நூற்றுப் பன்னிரண்டு கிலோ.

"உக்காருங்கோ."

"உக்காந்தா எந்திரிக்க முடியாது சாமி."

"அப்போ நின்னுண்டே சொல்லுங்கோ."

மாஸ்டர் நின்றுகொண்டே சொன்னார்.

அவர் கல்யாணச் சமையல்காரர். ஆற்றின் இரண்டு கரையிலும் அவர் சமைக்காத மண்டபம் கிடையாது. அதிலும் மறுவீட்டுச் சொதி. கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடும் விருந்தில், தேங்காய்ப் பாலில் செய்கிற குழம்பு அது. அதற்கு அவரை விட்டால் ஆள் இல்லை என்று ஊரே சொல்லும். அவரும் சொல்லுவார்.

இப்போது முட்டி போய்விட்டது. அடுப்படியில் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் நிற்க முடியவில்லை.

"தையில எம் மவளுக்குக் கல்யாணம் சாமி. பிரம்மசக்தின்னு பேரு. ஒத்தப் பிள்ளை. அவ காதுகுத்து அன்னிக்கு நான் இன்னொரு வீட்டுக் காதுகுத்துல கேசரி கிண்டிக்கிட்டு நின்னேன். நிச்சயம் முடிஞ்ச அன்னிக்குக் கேக்கா, எங்கல்யாணத்துக்காவது வருவியளாப்பான்னு. மறுவீட்டுச் சொதி எங்கையாலதான்னு வாக்குக் குடுத்துட்டேன். முட்டி வாக்குக் குடுக்கல."

"டாக்டர்?"

"இப்ப இருக்கதுலேருந்து பதினஞ்சு கிலோ கொறைச்சா முட்டி நிக்கும்னு டாக்டரம்மா சொல்லுதாங்க. கீட்டோன்னு ஒரு சாப்பாடு எழுதிக் குடுத்தாங்க. சோறு கெடையாது, சக்கரை கெடையாது, கெழங்கு கெடையாது. நெய்யி, தேங்கா, பனீரு, கீரை, முட்டை."

"முட்டையை விட்டுட்டு மத்ததைச் சொல்லுங்கோ. பெருமாளும் கேட்டுண்டிருக்கார்."

மாஸ்டர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அது மட்டும் இல்ல சாமி. பதினாறு மணி நேரம் வாயில ஒண்ணும் படக் கூடாது. சாயங்காலம் ஏழுக்கு முடிச்சா மறுநா பதினோரு மணிக்குத்தான். ரெண்டு மாசமாச்சு. ஒரு பருக்கை தொடல. மூணு கிலோ ஏறியிருக்கு. விடிஞ்சதுலேருந்து பசி வேற, கண்ணு ரெண்டும் அண்டாவுக்குள்ளேயே கெடக்கு. நீங்க அதிகாலைலேருந்து உச்சிப் பொழுது வரைக்கும் இந்த வாசத்துக்குள்ள நிக்கீங்க, நாக்குல ஒரு சொட்டு வைக்க மாட்டீங்களாம். எப்படி சாமி முடியுது?"

மாஸ்டர் பொய் சொல்கிற ஆள் இல்லை. சிக்கலே அதுதான்.

"பெருமாள் அமுது செய்யறதுக்கு முன்னாடி நாங்க ருசி பார்க்கறதில்லை. அவ்வளவுதான்," என்றார் ஆராவமுதன்.

"உப்பு?"

"பார்க்கறதில்லை."

"ஒரு சொட்டு?"

"இல்லை."

சரியான கிறுக்கனிடம் வந்து மாட்டிக்கொண்டோம் என்று மாஸ்டருக்குத் தோன்றியது. முகத்தில் அது தெரிந்தும் விட்டது.

ஆராவமுதன் உருளியைக் கவிழ்த்து வைத்தார்.

"உங்களுக்கு அடுத்த முகூர்த்தம் என்னிக்கு?"

"புதன்கிழமை."

"எனக்கு அன்னிக்கு முறை இல்லை. வரேன்."

"சாப்பிடவா சாமி?"

"இல்லை. ஒரு சொம்பு கொண்டு வரேன்."

*

புதன்கிழமை விடிந்து வெளிச்சம் வந்ததும் ஆராவமுதன் சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் ஒரு பெரிய பித்தளைச் சொம்பு. தேங்காய்க் கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அடுப்படி ஓரமாக உட்கார்ந்தார்.

மாஸ்டர் சாம்பார் அண்டாவைத் திறந்தார். கரண்டியால் கொஞ்சம் எடுத்து இடது உள்ளங்கையில் ஊற்றினார். நக்கினார். "கல்லுப்பு ஒரு பிடி," என்றார்.

ஆராவமுதன் எழுந்தார். அதே கரண்டியில் அதே அளவு எடுத்துச் சொம்பில் ஊற்றினார். போய் உட்கார்ந்தார்.

மாஸ்டர் பொங்கலில் ஒரு கொட்டைப்பாக்கு அளவு எடுத்து வாயில் போட்டார். "நெய் பத்தல."

ஆராவமுதன் எழுந்தார். ஒரு கொட்டைப்பாக்கு அளவு எடுத்துச் சொம்பில் போட்டார்.

கேசரி வெந்திருக்கிறதா என்று ஒரு விள்ளல். சட்னியில் காரம் இருக்கிறதா என்று ஒரு விரல். வடை உள்ளே வெந்துவிட்டதா என்று பிட்டுப் பார்த்தார். பிட்ட வடையை என்ன செய்வது? வாயில் போட்டார். பிறகு மறுபடி சாம்பார், உப்புப் போட்ட பிறகு சரியாக இருக்கிறதா என்று. ஒவ்வொரு தடவையும் கூடையிலிருந்து ஓர் ஆள் எழுந்து வந்து போனார்.

டிபன் முடிந்து சாப்பாட்டு வேலை ஆரம்பித்தது. அவியல், ரசம், புளிக்குழம்பு, பருப்புப் பாயாசம்.

"சாமி என்ன, வீட்டுக்குப் பார்சலா?" என்று கேட்டார் ஆவுடையப்பன். மாஸ்டரிடம் இருபத்திரண்டு வருஷமாகக் கூட நின்று வேலை பார்க்கிறவர்.

"இருக்கட்டும்," என்றார் ஆராவமுதன். சொம்பு நிறைந்துவிட்டது. ஒரு தூக்குவாளி கேட்டு வாங்கிக்கொண்டார்.

பதினோரு மணிக்கு மாஸ்டரின் செல்போனில் கைதட்டுகிற சத்தம் கேட்டது. விரதம் முடிந்தால் பாராட்டுவதற்கென்று அவர் மகள் ஏற்றிக் கொடுத்த செயலி அது.

"பதினாறு மணி நேரம் சாமி! பாத்தீங்கள்ல? நீங்களே சாட்சி. ஒரு பருக்கை தொட்டேனா?"

ஆராவமுதன் ஒரு தலைவாழை இலையை விரித்தார். சொம்பைக் கவிழ்த்தார். பிறகு தூக்குவாளியையும் கவிழ்த்தார்.

இலை நிறைந்து, ஓரத்தில் வழிந்து, தரையில் ஓடியது.

மாஸ்டர் மூக்கைச் சுளித்தார். "இது என்ன கண்றாவி? எவன் சாப்பிட்ட மிச்சம் இது?"

காய்கறி நறுக்குகிற பெண்கள் கத்தியை வைத்துவிட்டு இலையைப் பார்த்தார்கள். பிறகு மாஸ்டரின் இடது உள்ளங்கையைப் பார்த்தார்கள். அதில் பாயாசம் காய்ந்திருந்தது.

முதலில் சிரித்தது ஆவுடையப்பன்தான். பாவம், அடக்கித்தான் பார்த்தார்.

"சாமி, இது உப்பு பாத்தது!" என்றார் மாஸ்டர்.

"ஆமாம்."

"சாப்பிட்டது இல்ல!"

"ஆமாம். சாப்பிடலை," என்று ஆராவமுதன் ஒப்புக்கொண்டார்.

எதிராளி இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டது மாஸ்டருக்கு என்னவோ போல் இருந்தது. ஆராவமுதன் சொம்பைக் கழுவி எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

*

அடுத்த முகூர்த்தத்துக்கு மாஸ்டர் வாயைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டார்.

மறுநாள் அந்தத் துண்டைக் கொண்டுபோய் மடப்பள்ளி வாசலில் விரித்துக் காட்டினார். வாய்க்கு நேராக வட்டமாக மஞ்சள், சிவப்பு, பழுப்பு. சாம்பார், ரசம், பாயாசம் எல்லாம் வரிசையாக இருந்தன.

"கை தானா வருது சாமி. நான் சொல்லல, மூளை சொல்லல. கரண்டி கையில ஊத்துது, கை வாய்க்குப் போவுது. துண்டுல முட்டி நிக்குது. நான் என்ன செய்ய?"

"தோய்ச்சுப் போடுங்கோ," என்றார் ஆராவமுதன்.

"துண்டைக் கேக்கல சாமி. உப்பு பாக்காம நான் எப்படிச் சமைப்பேன்? ஆயிரம் பேரு சாப்பாடு. ஒரு பிடி கூடிச்சுன்னா மானம் போச்சு."

"ஆவுடையப்பன் பார்க்கட்டுமே."

மாஸ்டர் சிரித்தார். "அவன் நாக்கெல்லாம் ஒரு நாக்கா? கல்லுப்பு எது, கல்கண்டு எதுன்னு தெரியாத பய."

"எத்தனை வருஷமா உங்க கூட இருக்கார்?"

"இருவத்திரெண்டு."

ஆராவமுதன் தலையாட்டினார். அரிசி களைய ஆரம்பித்தார். இரண்டு தண்ணீர் ஊற்றி வடித்தார். மூன்றாவது தண்ணீர் ஊற்றும்போது, "இருபத்திரண்டு வருஷம்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷமாகத் தன் நாக்குதான் ஊரைக் காப்பாற்றுகிறது என்று நம்பிக்கொண்டிருந்த மனுஷன். அந்த அடுப்படியில் இன்னொரு நாக்கு இருக்கிறது என்பதையே அவர் யோசித்ததில்லை.

"சரி சாமி. உங்களுக்கு எப்படித் தெரியும், உப்பு சரியா இருக்குன்னு? நீங்க பாக்கதும் இல்ல, மோந்து பாக்கதும் இல்ல."

"பிரசாதம் வாங்கறவா முகத்தைப் பார்ப்பேன். நேத்திக்கு ஒரு மாமி புளியோதரையை வாயில போட்டதும் தண்ணி எங்கேன்னு தேடினா. இன்னிக்கு ஒரு சிட்டிகை குறைச்சேன்."

"நேத்திக்குத் தப்பா போனது?"

"நேத்தியோட போச்சு."

*

ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்தில் மாஸ்டர் கரண்டியை நீட்டினார்.

"லே, உப்பு பாரு."

ஆவுடையப்பன் பின்னாலே திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. "என்னையா அண்ணாச்சி?"

"ஒன்னத்தான்."

ஆவுடையப்பன் கையைக் கழுவினார். வேட்டியில் துடைத்தார். மறுபடி கழுவினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நக்கினார். "அண்ணாச்சி, உப்பு ஒரு கை வேணும். புளி சரியா இருக்கு. எனக்குப் படபடன்னு வருது."

மாஸ்டருக்கும்தான் படபடவென்று வந்தது. அடுப்படியில் இருப்புக் கொள்ளவில்லை. பந்தி ஆரம்பித்ததும் நொண்டிக்கொண்டே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்த் தூண் ஓரமாக நின்றார்.

முப்பது வருஷத்தில் அன்றைக்குத்தான் அவர் பந்தியைப் பார்த்தார்.

ஒரு பெரியவர் அவியலை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி மெதுவாக மென்றார். ஒரு பெண் தன் கைக்குழந்தையின் உதட்டில் பாயாசத்தைத் தடவினாள், குழந்தை நாக்கை நீட்டி நீட்டித் தேடியது. வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் மூன்றாவது தடவை சாம்பார் வாங்கிவிட்டு யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். மாஸ்டர் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள்.

அவ்வளவு சந்தோஷம் அவருக்கு என்றைக்கும் வந்ததில்லை.

அடுப்படிக்குத் திரும்பி, "உப்பு சரியா இருக்குலே," என்றார்.

ஆவுடையப்பன் வெங்காயம் உரிப்பதாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் முன்னால் வெங்காயமே இல்லை.

பத்து நாள் போயிற்று. ஒருநாள் காலை எட்டரைக்குத்தான் மாஸ்டருக்கு உறைத்தது, விடிந்ததிலிருந்து பசிக்கவில்லை என்று.

*

"தலை வலிக்கி சாமி. கிறுகிறுன்னு வருது. கால்ல நரம்பு சுண்டி இழுத்துக் குறக்களி பிடிக்கி."

"டாக்டர்கிட்ட சொன்னேளா?"

"போன வாரமே சொன்னேன்."

"என்ன சொன்னா?"

"சோத்தை நிறுத்தினதும் ஒடம்புலேருந்து உப்பும் தண்ணியும் எறங்கிரும். தண்ணியில உப்புப் போட்டு, எலுமிச்சம்பழம் புழிஞ்சு குடிங்கன்னாங்க."

"குடிச்சேளா?"

"இல்ல."

"ஏன்?"

"உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடிக்கலாம்னு..."

"நான் சமையல்காரன் ஓய்," என்று ஆராவமுதன் கத்தினார். அவர் குரல் உயர்ந்தது அன்றைக்கு ஒரு தடவைதான். "போய்க் குடியும்!"

மாஸ்டர் போய்க் குடித்தார். தலைவலி போனது.

*

மார்கழியில் ஒருநாள் மாஸ்டர் மத்தியானம் கோயிலுக்கு வந்தார். வரும்போதே முகம் வாடியிருந்தது.

"எட்டு கிலோ கொறைஞ்சது சாமி. அதோட நின்னுபோச்சு. பதினோரு மணி ஆச்சுன்னா வெறி பிடிச்ச மாதிரி திங்கேன். நெய்யும் பனீருமா ஒரு டப்பா. அது முடிஞ்சா இன்னொரு டப்பா. வயிறு முட்டுது, ஆனா திருப்தி இல்ல. நல்லவேளை, கோயிலுக்கு வாரோம்னு இன்னிக்கு முட்டை கொண்டாரல. இப்பத்தான் வெளிய வேப்பமரத்தடியில சாப்பிட்டுட்டு வாரேன்."

"என்ன சாப்பிட்டேள்?"

மாஸ்டர் டப்பாவைத் திறந்து பார்த்தார். காலியாக இருந்தது.

"கீரையா இருக்கும்," என்றார். "நின்னுக்கிட்டே போன் பேசிக்கிட்டிருந்தேன். ஒரு பார்ட்டி, வளைகாப்பு ஆர்டர்."

"நாளைக்கு டப்பாவைத் திறக்காம கொண்டு வாங்கோ."

மறுநாள் உச்சிக்கால பூஜை முடிந்ததும் ஆராவமுதன் ஓர் இலையுடன் வேப்பமரத்தடிக்கு வந்தார். மாஸ்டரை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, எதிரே பெஞ்சில் இலையை விரித்தார். தண்ணீர் தெளித்துத் துடைத்தார். டப்பாவைத் திறந்து, கீரையை ஓரிடத்தில் வைத்தார், வெண்டைக்காயை ஓரிடத்தில் வைத்தார், நெய்யில் வதக்கிய பனீரை நடுவில் வைத்தார். தேங்காய்த் துவையலை விரலால் தட்டி ஓர் ஓரத்தில் வைத்தார். பிறகு இடுப்பை வளைத்து நின்றார்.

"சாமி, என்ன பண்ணுதீங்க?"

"பரிமாறறேன்."

"எனக்கா?"

"வேற யாரும் இல்லையே இங்கே."

மாஸ்டர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினைந்து வயதில் கரண்டி பிடித்தவர். எல்லாப் பந்தியும் முடிந்த பிறகு, அண்டாவின் அடியில் ஒட்டியதை நின்றபடி வழித்துப் போட்டுக்கொள்வார். வீட்டில் சண்முகவடிவு மூடி வைத்துவிட்டுத் தூங்கியிருப்பாள். அவள்மேல் தப்பில்லை, எத்தனை நாள்தான் முழித்திருப்பாள்? எதிரில் குனிந்து நின்று, என்ன வேண்டும் என்று யாரும் அவரைக் கேட்டதே கிடையாது.

அவருக்கு அழுகை வந்தது. ஐம்பத்து மூன்று வயது ஆம்பிளை, வேப்பமரத்தடியில், வெண்டைக்காயைப் பார்த்து அழுதார்.

"இன்னும் கொஞ்சம் கீரை?" என்றார் ஆராவமுதன்.

மெதுவாகச் சாப்பிட்டார். போன் இரண்டு தடவை அடித்தது. எடுக்கவில்லை. பாதி டப்பாவிலேயே வயிறு நிறைந்துவிட்டது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், "வடிவு, நாளைலேருந்து பதினோரு மணிக்கு நாம ரெண்டு பேரும் உக்காந்து சாப்பிடுவமா?" என்று கேட்டார். உடம்புக்கு என்ன என்று அவள் பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

*

தை பிறந்தபோது மாஸ்டர் தொண்ணூற்றெட்டு கிலோ. டாக்டரம்மா முட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு கிலோதானே பாக்கி, போய்ச் சமையுங்க," என்றார்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் மாஸ்டர் வெற்றிலைப் பாக்கோடு மடப்பள்ளிக்கு வந்தார்.

"சாமி, ஒரே ஒரு சந்தேகம். அஞ்சு மாசமா உப்பு பாக்கல. ஆவுடையப்பன்தான் பாக்கான், நல்லாவே பாக்கான். ஆனா எம் மவ மறுவீட்டுச் சொதி. அதுக்கு மட்டும் ஒரே ஒரு சொட்டு நான் பாத்துக்கிடட்டுமா?"

ஆராவமுதன் கேட்டார். "யாருக்குத் தளிகை?"

"எம் மவளுக்குத்தான்."

ஆராவமுதன் வெற்றிலையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மாஸ்டர் வெகுநேரம் வாசலில் நின்றார். பிறகு ஏதோ முடிவுக்கு வந்தவராக, விறுவிறுவென்று நடந்து போனார். நொண்டவில்லை.

*

மறுவீட்டு நாள். காலையிலிருந்து மாஸ்டர் நின்றுகொண்டுதான் இருந்தார்.

நூற்றிருபது தேங்காய். மூன்று பால் பிழிந்தாயிற்று. மூன்றாம் பாலில் காய் வெந்தது. இரண்டாம் பாலில் பாசிப்பருப்பும் இஞ்சிச் சாறும் பச்சை மிளகாய்ச் சாறும் சேர்ந்தன. தலைப்பாலை ஊற்றி, கொதிக்க விடாமல், நுரை கூடி வரும்போது இறக்க வேண்டும். ஒரு கண் அசந்தால் திரிந்துவிடும்.

ஆவுடையப்பன் கையை நீட்டினார். "அண்ணாச்சி, ஊத்துங்க. உப்பு பாக்கேன்."

"கையை எடுலே. எம் மவ பாக்கதுக்கு முன்னால இதை ஒருத்தரும் வாயில வைக்கக் கூடாது."

"அண்ணாச்சி! முன்னூறு பேரு!"

"முன்னூறு பேரும் அவளுக்குப் பொறவுதான்."

உப்பு ஜாடியைத் திறந்து கையை உள்ளே விட்டார். அந்த நேரம் பார்த்து வாசலில் வேன் வந்து நின்றது. "பொண்ணு மாப்பிள்ளை வந்தாச்சு!" என்று சத்தம் கேட்டது. மாஸ்டர் கையை உதறிவிட்டு ஓடினார். மகள் பச்சைப் பட்டில் இறங்கினாள். ஒரே நாளில் பெரிய மனுஷியாகத் தெரிந்தாள். மாஸ்டர் திரும்பி வந்து தலைப்பாலை ஊற்றி, நுரை கூடியதும் சொதியை இறக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்தார். உப்பைப் போட்டுவிட்டதாகவே நினைத்துக்கொண்டார்.

முதல் பந்தி. மாப்பிள்ளை, பக்கத்தில் பிரம்மசக்தி, அவளுக்கு அடுத்து ஓர் இலை காலியாக இருந்தது. எதிர் வரிசையில் சம்பந்தி வீட்டார். மாஸ்டர் அடுப்படிக் கதவருகே நின்று மகளின் முகத்தைப் பார்த்தார். பரிமாறுகிறவர்கள் சொதி வாளியோடு அசையாமல் நின்றார்கள், அவள் ஒரு வாய் வைத்த பிறகுதான் மற்ற இலைகளுக்கு என்று உத்தரவு.

அவள் சொதியைச் சோற்றில் பிசைந்து ஒரு வாய் வைத்தாள்.

மென்றாள். புருவம் லேசாக ஏறியது.

"அப்பா..."

"சொல்லுத்தா."

"உப்பு இல்லப்பா."

சம்பந்தி அம்மா மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்தாள். ஆவுடையப்பன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

முப்பது வருஷத்துப் பேர். அதுவும் சொந்த மகள் விருந்தில். மாஸ்டர் உப்பு ஜாடியை எடுக்க அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

அடுப்படி வாசலை மறித்துக்கொண்டு ஆராவமுதன் நின்றார். உச்சிக்கால பூஜை முடிந்ததும் பெருமாள் மாலையோடு சைக்கிளில் அப்போதுதான் வந்திருந்தார்.

"வழி விடுங்க சாமி, உப்பு!"

ஆராவமுதன் விடவில்லை. விரலை நீட்டி இலையைக் காட்டினார்.

மாஸ்டர் பார்த்தார். மகளின் இலை. இடது ஓரத்தில், எல்லாவற்றுக்கும் முதலில் வைக்கிற இடத்தில், ஒரு சிட்டிகை வெள்ளையாக இருந்தது. மாப்பிள்ளையின் இலையிலும் இருந்தது. அந்த வரிசை முழுக்க, எதிர் வரிசை முழுக்க, எல்லா இலையிலும் இருந்தது. முப்பது வருஷமாக ஒவ்வொரு பந்தியிலும் அதை முதலில் வைக்கச் சொன்னது அவரேதான்.

பிரம்மசக்தி தன் இலையிலிருந்து அதைக் கிள்ளி எடுத்தாள். ஒரு கிண்ணம் நிறையச் சொதி வாங்கி, உருளைக்கிழங்கை ஒதுக்கி, உப்பைப் போட்டுக் கலக்கினாள். காலியாக இருந்த பக்கத்து இலையில் வைத்தாள்.

"வாங்கப்பா. எம் பக்கத்துல உக்காந்து நீங்க சாப்பிட்டதா எனக்கு ஞாபகமே இல்ல."

மாஸ்டர் உட்கார்ந்தார்.

ஒரு வாய் குடித்தார். அவர் கையால் இவ்வளவு நாள் செய்த சொதி இப்படித்தான் இருக்குமா என்று ஆச்சரியமாக மகளைப் பார்த்தார். அவள் சிரித்தாள். எதிரே சம்பந்தி தானும் சொதி வாங்கி, இலையோரத்து உப்பை எடுத்துப் பிசைந்துவிட்டு, மூன்றாவது கவளத்தில் இருந்தார்.

கிண்ணம் காலியானது. மகளின் இலையும் காலியாக இருந்தது.

மாஸ்டர் அடுப்படியைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

"லே ஆவுடையப்பா! சொதி எங்கலே? இங்க ரெண்டு இலை காயுது!"